சிவப்பு விளக்கு எரியும்போது புகாரை மூடாதீர்கள்

எங்கள் வீட்டுக்கு இணையம் தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என்னை உங்களுக்கு நன்றாகவே தெரியும். 19 நாளில் மூன்று புகார் எண்கள் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றும் உங்கள் கணினியில் 'நிறைவுற்றது' என்று பச்சையாகத் தெரிகின்றனவாம், உங்கள் ஊழியர்தான் சொன்னார். என் வீட்டு மோடத்தில், இணைப்பு அறுந்ததைக் காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு மட்டும் இன்னும் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசி வரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது என்பதால் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடியாமல் புகாரை மூடாதீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. வேகத்தைக் கூட்டச் சொல்லவில்லை, கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

என்ன பழுது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. தோட்டத்துக்குள் திரும்பும் முனையில் உங்கள் கேபிள் தொய்ந்து கிடப்பதை போன தீபாவளிக்கு முன்பே சொன்னேன். படமும் அனுப்பினேன். மோடத்தின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்க்கத் தெரிந்தவன் நான். முதலில் −21 டிபிஎம் என்று காட்டிய ஒளியளவு, கேபிள் தொய்யத் தொய்ய −26க்குப் போனது, அதாவது ஒளி மங்கிக்கொண்டே வந்தது. இந்த வகைப் பெட்டிகள் −27 வரைதான் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் ஒரு நாள் காலையில் ஆலைக்குப் போன லோரி ஒன்று, தலைக்கு மேல் குவித்த செம்பனைக் குலைகளோடு திரும்பும்போது கேபிளைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அறுந்த முனை இப்போது வாய்க்காலில் கிடக்கிறது. அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.

எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அந்தப் பெட்டியை ஆயிரம் தடவை அணைத்துப் போட்டாலும் வாய்க்காலில் கிடக்கும் கண்ணாடி நார், அதாவது பைபர், தானாக எழுந்து கம்பத்தில் ஏறாது. ஆனால் உங்கள் செயலியில் சிரித்த முகத்தோடு பதில் சொல்லும் அந்த இயந்திரம், "மோடத்தை அணைத்து 30 விநாடி கழித்துப் போட்டுப் பாருங்கள்" என்று என்னிடம் 11 முறை சொன்னது. எண்ணி வைத்திருக்கிறேன். 'பைபர் அறுந்துவிட்டது' என்று எழுதினால், பைபர் திட்டத்துக்கு மாற விருப்பமா என்று கேட்கிறது. மலாயிலும் எழுதிப் பார்த்தேன், ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். தமிழில் எழுதியபோது மட்டும் அது மன்னிப்புக் கேட்டது. அந்த ஒரு மரியாதைக்கு நன்றி.

முகவரிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் படிவத்தில் 'ஜாலான்' என்று தொடங்கும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எங்கள் வரிசைக்குச் சாலைப் பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும்தான். 31100 என்று அஞ்சல் குறியீட்டைப் போட்டால் டவுனில் இருக்கிற டாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எல்லாம் வரிசையாக வருகின்றன, நாங்கள் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய சாலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே குறிப்பில் 'அது இல்லை, கோயில் திடலைத் தாண்டி இடது பக்கம்' என்று எழுதுகிறேன். பில் மட்டும் எப்படியோ சரியாக வந்து சேர்கிறது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த நாள்தான்.

முதல் புகாரை நீங்கள் 'தொலைவிலிருந்து சரிசெய்யப்பட்டது' என்று மூடினீர்கள். வாய்க்காலில் கிடந்த கேபிளைத் தொலைவிலிருந்து எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்க எனக்கும் ஆசைதான், விடுங்கள். இரண்டாவது புகாருக்கு ஆள் வருவார், மதியம் 2 முதல் 5 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றீர்கள். ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்தேன். எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது, முன்வாசலில் ஒரு கோடு வந்து வந்து போகும். அதனால்தான் குறிப்பில், 'அழைக்க வேண்டாம், அழைத்தால் கிடைக்காது, நேராக வாருங்கள், ஆள் வீட்டில்தான் இருக்கிறேன்' என்று எழுதியிருந்தேன்.

1.45க்கே நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வருகிற பிள்ளை என்று அம்மா கறிபாப் பொரித்து, மூடி வைத்திருந்தார். மூன்று மணிக்கு ஒரு மோட்டார் சத்தம் கேட்டது, எழுந்து நின்றேன். மீன்காரர். நாலு மணிக்கு அம்மா கறிபாப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "ஏன்டா, அந்தப் பையனுக்கு வழி தெரியலையோ?" என்றார். வழி தெரியாமல் நிற்கிறாரோ என்று தோட்டத்து முனை வரை போய்ப் பார்க்க எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் வந்துவிட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று போய்விடுவீர்களே என்ற பயத்தில் நாற்காலியை விட்டு எழவில்லை. கழிவறைக்குக்கூட அம்மாவைக் காவல் வைத்துவிட்டுத்தான் போனேன். ஐந்து தாண்டி, ஐந்தரையும் தாண்டி, இருட்டிவிட்டது. ஆறிப்போன கறிபாப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

இரவு எட்டு மணிக்குக் கோயில் திடலுக்குப் போனேன். எங்களுக்கு இரண்டு கோடு சிக்னல் முழுசாகக் கிடைக்கிற இடம் அதுதான், மாலையில் பாதித் தோட்டம் அங்கேதான் நிற்கும். கைப்பேசி அதிர்ந்தது. உங்கள் குறுஞ்செய்தி: 3.10க்குத் தொழில்நுட்பர் வந்தார், அழைத்தார், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் நிறைவுற்றது. அதன் கீழேயே இன்னொன்று, இன்றைய சேவைக்கு 1 முதல் 5 வரை எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஓர் இணைப்பு. அந்த இணைப்பைத் திறக்க இணையம் வேண்டும்.

3.10க்கு நான் எங்கே இருந்தேன் என்று என் தெருவே சாட்சி சொல்லும். மீன்காரரும் சொல்வார், அவரிடம் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மூன்றாவது புகார் கொடுத்தேன். 'ஏற்கனவே தீர்க்கப்பட்ட புகாரின் நகல்' என்று சொல்லி அதையும் மூடினீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள். உங்கள் சேவையில் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்தது இது ஒன்றுதான்.

நான் செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடமும் புகார்ச் சீட்டு உண்டு, ஜாப் கார்டு என்போம். கொதிகலனில் பழுது என்றால் சீட்டை எழுதுபவர் கொதிகலன் பார்க்கும் அண்ணன். நாங்கள் பழுது பார்த்து முடித்த பிறகு, அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஓடுது" என்று கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு மூடும். பழுது பார்த்தவனே மூட முடியாது, மேலாளரே நினைத்தாலும் முடியாது. குலை வெட்டி ஒரு நாளுக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும், அதனால் எங்களுக்குப் பொய்க் கையெழுத்து கட்டுப்படியாகாது. உங்கள் கணினியிலும் அந்த ஒரு கையெழுத்தைச் சேர்த்தால் போதும். வேலை முடிந்ததா என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள். அவர் 'ஆம்' என்று சொல்லும் வரை புகாரை மூடாதீர்கள்.

இதைப் படிக்கிறவர், 'ஒரு விளையாட்டுப் பைத்தியம் டவுன்லோட் நின்றுபோன எரிச்சலில் எழுதுகிறது' என்று நினைக்கலாம். உண்மைதான், நான் விளையாட்டுப் பைத்தியம்தான். கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் ஈப்போவிலிருந்து மோட்டாரில் கொண்டுவந்து நானே பூட்டினேன். ஆறு மாதம் பணம் சேர்த்து வாங்கிய ஆட்டம் 90 கிகாபைட். தனி ஆளாக விளையாடுவதுதான், ஆனாலும் திறக்கும்போதெல்லாம் இணையத்தில் போய் அனுமதி வாங்கி வந்தால்தான் ஓடும். என் சொந்தக் கணினியில் என் காசில் வாங்கியதைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்கிறது என்பது வேறு மடலுக்கான விஷயம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கலாமே என்பீர்கள். அந்த ஒதுக்கீடு ஒரே இரவில் தீர்ந்து, பிறகு வாட்ஸ்அப் படம்கூட நகராது.

அக்கா மகன் கோயில் திடலில் நின்று கைப்பேசியில் ஐவர் அணி ஆட்டம் விளையாடுகிறான். நடுவில் லைன் அறுந்தால் ஆட்டத்தை விட்டு ஓடிவிட்டான் என்று அவன் கணக்கில் புள்ளியைக் குறைக்கிறார்கள். அடிக்கடி ஓடினால் கொஞ்ச நேரம் ஆடவே விடுவதில்லை. "மாமா, கேபிள்காரங்களுக்கும் இப்படிப் புள்ளி இருக்கா?" என்று கேட்கிறான். இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் விளையாட்டு மட்டும் இல்லையே. 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணை விட்டுவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. ஒருவருக்கு ஒரே கைப்பேசியில்தான் ஒப்புதல் என்றும் சொன்னது. மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாசலில் ஒரு கோடு சிக்னலில் தத்தித் தத்தியாவது வந்து சேர்ந்த கடவு எண்ணின் இடத்தில், இப்போது இணையம் கேட்கும் செயலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்ப, இருட்டிய பிறகு டார்ச்லைட்டோடு திடலுக்கு நடக்கிறார். 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தான் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அது மூடிக்கொள்கிறது. மறுபடி முதலிலிருந்து. இந்தப் பெரியம்மா வீட்டுக்கும் அதே வாய்க்கால் கேபிளில்தான் இணைப்பு. அவர் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கத் தெரியாது, தெரிந்த எனக்கு நடந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் 5ஜி தொடங்கிய செய்தியைத் திடலில் நின்றுதான் படித்தேன், மூன்று முறை ரீலோட் செய்து. 2023இல் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்தபோது, அந்தத் தட்டை வாங்கி மாட்டு என்றார் நண்பர். அதற்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். எங்கள் கூரையைச் சுற்றி வளர்ந்து நிற்கிற செம்பனைகளை யார் நகர்த்துவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தொடர்பில்லாதது போலத் தெரியலாம். 1959 தேர்தலுக்குப் பிறகு இந்த நாட்டின் அஞ்சலையும் தொலைத்தொடர்பையும் பொதுப்பணியோடு சேர்த்துப் பார்த்த அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன், இதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஜனங்கள் வீதிக்கு வந்துவிடக் கூடாது என்று, அவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். டெலிபோன் அமைச்சரை அனுப்பிய ஊரில், ஒரு கேபிள் 19 நாளாக வாய்க்காலில் ஊறுகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்கள் தொழில்நுட்பர் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஒரு நாளில் எத்தனை வீடு முடித்தார் என்று எண்ணிச் சம்பளம் தருவதாக இருந்தால், அவரும்தான் என்ன செய்வார்? 3.10 என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அப்படித் தட்டினால் ஏற்றுக்கொள்கிற கணினியைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் பயனீட்டாளர் மன்றத்துக்கும் எழுத எனக்குத் தெரியும். படங்கள், குறுஞ்செய்திகள், மூன்று எண்கள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன. அதற்கு முன் உங்களிடமே ஒருமுறை மரியாதையாகக் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மடல்.

தயவுசெய்து வாய்க்காலில் கிடக்கும் கேபிளை எடுத்து, லோரி தொடாத உயரத்தில் கட்டுங்கள். என் மூன்று புகார்களில் ஒன்றையாவது மறுபடி திறங்கள். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று என்னைக் கேட்காமல் அதை மூடாதீர்கள். பெரியம்மா பெயரிலும் ஒரு புகார் போட்டு வையுங்கள், அவர் சார்பில் நான் கேட்கிறேன்.

வரும் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, நாள் முழுக்க வீட்டில்தான். கோயில் திடலைத் தாண்டி இடது பக்கம், நீல கேட். நாயைக் கட்டிப் போட்டுவிடுகிறேன். கறிபாப் இந்த முறை நீங்கள் வந்த பிறகு பொரிப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்று முறை தீர்க்கப்பட்ட உங்கள் வாடிக்கையாளர்
சுங்கை சிப்புட், பேராக்