பழைய கேசட்டில் இல்லாத ஒலியைச் சேர்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கடலூர், புதுச்சேரிக் கடைக்காரர்களுக்கும், அவர்களை நம்பி வீட்டுக் கேசட்டைக் கொடுப்பவர்களுக்கும் என் அனுபவம் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான் கரையேறிய ஊர் எங்கள் திருப்பாதிரிப்புலியூர். கடலில் தள்ளப்பட்டபோது அவர் பாடிய 'சொற்றுணை வேதியன்' பதிகத்தைக் காலஞ்சென்ற என் தந்தையார் 1986-இல் வீட்டுக் கூடத்தில் பாடிப் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து வாங்கிய கோப்பு, முதலில் கேட்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் இரண்டாம் பாட்டு முடிவதற்குள் காது வலித்தது. 'சொற்றுணை', 'சோதி' என்று சகரம் வந்த இடமெல்லாம் ஊசியாய்க் குத்தியது; தாளத்தின் ஓசை தகரத்தைத் தட்டியது போல் கேட்டது. விசாரித்தபோது, ஒலி மங்கலாக இருந்ததால் 'எக்ஸைட்டர்' போட்டதாகச் சொன்னார்கள்.

ட்ரெபிளைக் கூட்டினால் நாடாவில் ஏற்கெனவே உள்ள மேல் ஒலிதான் (கீச்சென்ற, அதிர்வு மிகுந்த ஒலி), அதன் இரைச்சலோடு சேர்ந்து, உயரும். எக்ஸைட்டர் செய்வது வேறு. அது ஒலியின் மேற்பகுதியைத் தனியே பிரித்து, வேண்டுமென்றே சிறிது சிதைத்து, அதன் மடங்குகளான மேற்சுரங்களைப் பிறப்பித்து, மூல ஒலியோடு கலக்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4,000 அதிர்வு) ஒலியிலிருந்து 8,000, 12,000 ஹெர்ட்ஸ் ஒலிகள் உண்டாகின்றன. 1970-களில் இதைக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனமான அப்பெக்ஸ், தொடக்கத்தில் கருவியை விற்காமல், முடிந்த பதிவின் நிமிடக் கணக்கில் வாடகைக்கே விட்டது. சிட்டிகை உப்பைப் போல் அளவோடு சேர்த்தால் அமுங்கிய குரல் முன்னே வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சகரத்தின் சீறல் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே பெரிதும் இருப்பதால், முதலில் கெடுவது அதுதான். நெடுநேரம் கேட்கும் காது அந்தப் பளபளப்புக்குப் பழகிவிடுவதாலும், வயது ஏற ஏற மேல் ஒலிகள் காதுக்கு எட்டாமல் போவதாலும், வேலை செய்பவர் தம்மை அறியாமலே குமிழை மேலும் திருப்பிவிடுகிறார்.

பிறகு மஞ்சக்குப்பத்தில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் அதே கேசட்டைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப்ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தார், பஞ்சு பழுப்பாகிவிட்டது. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே ஓடும் நாடாவுக்கு ஹெட் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் மேல் ஒலிதான் முதலில் மறையும் என்று சொல்லி, பக்கத்திலிருந்த சிறு திருகாணியைக் கேட்டுக்கேட்டுத் திருப்பினார். கால் சுற்றுகூட இராது. பாட்டின் அடிக்கும் அடிக்கும் நடுவே அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. எந்தக் கருவியும் அதைச் சேர்க்கவில்லை. இத்தனை ஆண்டும் அது நாடாவிலேயே இருந்தது.

ஆகவே, கடைக்காரர்கள் முதலில் ஹெட்டைச் சரிசெய்து, எந்த மெருகும் ஏற்றாத ஒரு கோப்பை வாடிக்கையாளரிடம் கட்டாயம் கொடுக்க வேண்டும். எக்ஸைட்டர் போட்டால், போட்டதாகச் சொல்லி, அதை இரண்டாவது கோப்பாகத் தரட்டும். கொடுப்பவர்களும் கேசட்டை மறக்காமல் திரும்ப வாங்கி, கடற்காற்றின் ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.