எந்த வழியில் வந்தது?

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு,

நலம். நலமறிய ஆவல். பேத்தி நடை பழகுகிறாள் என்று எழுதியிருந்தாய், மனசு நிறைந்தது.

மூத்தவள் சிகப்பிக்கு லூபஸ் என்று போனில் அரைகுறையாகச் சொன்னேன். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. பங்குனியில் வளவில் அப்பத்தாவோடு கூழ்வற்றல் காயவைத்தாள். மறுநாள் மூக்கின் இருபுறமும் கன்னம் சிவந்துபோயிற்று. விரல் மூட்டு வீங்கி, சடைகூடப் பின்ன முடியவில்லை. சூடு என்றுதான் நினைத்தோம். மதுரையில் ரத்தம் பார்த்த பிறகே தெரிந்தது.

வந்தவர்கள் எல்லாம் கேட்டது ஒன்றே: "எந்த வழியில் வந்தது?" அத்தை மகனைக் கட்டியவள் நான், எனக்கு எப்படி இருந்திருக்கும்! டாக்டரிடம் அழுதே விட்டேன். சி1க்யூ என்ற புரதம் இல்லாமல் பிறந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லூபஸ் வருமாம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும், சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஆனால் அது மிக அரிது, சிறுவயதிலேயே தலைகாட்டும். இவளுக்கோ பத்தொன்பது. சோதித்தும் பார்த்தார்கள், அந்தப் புரதம் சரியாக இருக்கிறது.

மற்றவர்களுக்கு எச்எல்ஏ, ஸ்டாட்4, ஐஆர்எஃப்5 என்று மரபணுக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். ஒவ்வொன்றும் காலணா, அரையணாவாகச் சேர்வதுதான். அதன்மேல் வெயில், கிருமி, ஹார்மோன். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு வந்தாலும் பெரும்பாலும் மற்றவளுக்கு வருவதில்லை. இதைக் கேட்ட அன்றுதான் தூங்கினேன்.

பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள் ஏன் என்றும் கேட்டேன். 2022-இல் ஸ்பெயின் சிறுமி ஒருத்தியிடம் டிஎல்ஆர்7 மரபணுவின் ஒரே மாற்றமே லூபஸைக் கொண்டுவந்ததைக் கண்டார்களாம். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று ஒடுங்கிவிடும் என்றாலும், இந்த மரபணு சில செல்களில் ஒடுங்குவதில்லை, அதனால் பெண்ணுக்கு அதன் வேலை கூடிவிடலாம்.

சின்னவளுக்கும் சோதிக்கலாமா என்றேன். தொந்தரவு இல்லாதவளுக்கு வேண்டாம் என்றார். லூபஸுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ ரத்தச் சோதனை நல்ல உடம்புக்காரர்களுக்கும் பாசிட்டிவ் வரும், வீண் பயம்தான் மிஞ்சும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அக்காவுக்கு இருப்பதை மறைக்கச் சொல்கிறார்கள். மறைக்கமாட்டேன் உமையாள். என் பிள்ளை செய்த குற்றமா இது?

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை தினமும் சாப்பிடுகிறாள், கண் பரிசோதனையும் தவறாது. வீக்கம் வடிந்து, நேற்று அவளே சடை பின்னிக்கொண்டாள்.

ஆடியில் பல்லவனில் வா. அது ராத்திரிதான் வந்துசேரும், வெயில் இருக்காது, தானே ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூட்டிவருவேன் என்கிறாள்.

அன்புடன்,
வள்ளி