காலம் கலமான கதை

திருகோணமலை,
கார்த்திகை மாதத்து மழை இரவு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. கோபிக்காதே. வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டிருக்கலாம்தான். ஆனால் நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன் என்று உன் தங்கச்சி காட்டிக்கொடுத்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். எழுத்தை எந்த வேகத்திலும் வாசி.

இங்கே வாடை தொடங்கிவிட்டது. சல்லிக் கரையில் தோணிகளை மேலே இழுத்து ஓலை போட்டு மூடிவிட்டார்கள். பஸ் நிலையப் பக்கம் மான்கள் வழக்கம்போல கடை வாசல்களில் ஒதுங்கி நின்று, சுவரில் நனைந்து தொங்குகிற போஸ்டரை இழுத்துத் தின்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியேதான். கடையில் சீமெந்து விலை இறங்கும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருக்கிறார், நான் பில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். உன் அப்பா சுகம். அவரைப் பற்றிப் பிறகு நிறைய எழுத வேண்டியிருக்கிறது, பொறு.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். "பாட்டு எங்கேயடா? புரொடியூசர் கிடைத்தானா? ரொறன்ரோவில் ஒரு பெடியன் ஐந்நூறு டொலருக்குச் செய்து தருவான், நான் கட்டுகிறேன்" என்று எழுதியிருந்தாய். காசை வைத்திரு மச்சான். நன்றி. ஆள் கிடைத்துவிட்டார். எப்படிக் கிடைத்தார் என்பதைக் கேட்டால் சிரிப்பாய்.

முப்பத்திமூன்று வயதில் "புதுக் கலைஞன்" என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் பாட்டுகள் வந்தபோது, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் சொருகிக்கொண்டு வகுப்பின் பின்வாங்கில் இருந்தோமே, அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டியது. அந்த வருசம் ஊர் இருந்த இருப்பில் ராப்பாவது பாட்டாவது. உயிரோடு வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது.

மூன்று வருசத்துக்கு முன் தொடங்கியபோது புரொடியூசர் என்றால் பீட், அதாவது ராப்புக்குக் கீழே ஓடுகிற இசை, விற்கிறவன் என்றுதான் நினைத்திருந்தேன். யூடியூபில் "டைப் பீட்" என்று தேடினால் ஆயிரம் வருகிறது. ஒன்றைப் பிடித்து 25 டொலருக்கு லீஸ் எடுத்தேன். நம் காசில் ஏழாயிரத்துச் சொச்சம். பாட்டை ஏற்றிப் பதினைந்து நாள் இருக்கும், உரிமைக் கோரிக்கை என்று ஓர் அறிவித்தல் வந்தது. காசு கட்டி வாங்கினது, யாருடைய உரிமை என்று எனக்குச் சூடேறிவிட்டது. பிறகுதான் ஒப்பந்தத்தை ஆறுதலாக வாசித்தேன். லீஸ் என்பது ஒரே வீட்டை ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் வாடகைக்கு விடுவது. அதே பீட்டை எடுத்த இன்னொருவர், எடுத்தவர்கள் செய்யவே கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்த வேலையைச் செய்து, தன் பாட்டைத் தானியங்கி உரிமைப் பதிவில் போட்டிருந்தார். கணினிக்கு ஒலி ஒன்றாக இருப்பது மட்டும்தான் தெரியும், ஆக என் பாட்டின் விளம்பரக் காசு அவருக்குப் போனது. காசு என்ன பெரிய காசு, முந்நூறு பேர் பார்த்த பாட்டு. ஆனால் தேடிப் பார்த்தால் ஒரு ஜெர்மன்காரனும் அதே பீட்டில் பாடியிருக்கிறான். அது என்னுடையதைவிட நன்றாக இருந்ததுதான் நெஞ்சில் குத்தியது.

தனி உரிமையோடு வாங்கலாம், பல நூறு டொலர் ஆகும். அப்போதும் உனக்கு முன் லீஸ் எடுத்தவர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் தவணை முடியும்வரை செல்லுபடியாகும். குடியிருப்பவர்களோடு சேர்த்து வீட்டை வாங்குவது போலத்தான்.

அடுத்து கொழும்புக்குப் போனேன். இரவு ரயிலில் தூங்காமல் போய், மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிற ஓர் இடத்தில் பதிவு செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கு, நெக்ஸ்ட்" என்றார். இடையில் ஒருமுறை போனில் கதைத்தபடியே "நல்லா இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய வேலை வருகிற சத்தத்தைச் சுத்தமாகப் பிடிப்பது, அதைச் செய்தார். பீட் செய்கிறவர் வேறு, பதிந்து மிக்ஸ் செய்கிறவர் வேறு, புரொடியூசர் வேறு என்பது எனக்கு விளங்காததுதான் பிழை. பாட்டு எங்கே போக வேண்டும், எந்த வரி வேண்டாம், எந்த இடத்தில் தாளத்தையே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு "நல்லா இல்லை" என்று சொல்ல ஒருத்தர் தேவைப்பட்டார். அதற்கு மணிக்கு இவ்வளவு என்று எவரும் விலைப்பட்டியல் போடுவதில்லை.

பிறகு நாற்பது பேருக்காவது இன்ஸ்டகிராமில் செய்தி போட்டிருப்பேன். "அண்ணா கொலாப் பண்ணுவமா?" பார்த்ததற்கான அடையாளம் வரும், பதில் வராது. திமிர் பிடித்தவர்கள் என்று திட்டினேன். பின்னால், எனக்குக் கிடைத்த அந்த ஆள், நானா, தன் போனைத் திறந்து காட்டினார். "புரோ பீட் இருக்கா", "புரோ ஃப்ரீயா ஒண்டு", வெறும் "ஹாய்". ஒருத்தர் ஏழு நிமிடப் பாட்டொன்றை, கடவுச்சொல் கேட்கிற லிங்கில் அனுப்பியிருக்கிறார். "உங்க இந்த வேலைய கேட்டன், இந்த எடம் புடிச்சது, என்ட குரல் இது, ஒரு நிமிசம்" என்று எழுதினவர் அந்த மாதம் ஒரே ஓர் ஆளாம். அவருக்கு நானா பதில் எழுதியிருக்கிறார்.

நானா யார் என்று சொல்லவில்லையே. கிண்ணியாவில் முதலாளியின் கூட்டாளி வீட்டுக் கலியாணத்துக்குப் போனேன். புரியாணி முடிந்து கை கழுவிக்கொண்டு நிற்கையில், மண்டபத்துத் திரையில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் வீடியோ ஓடியது. அதன் பின்னணியில் ஒரு ரபான் மேளச் சத்தம். ரபானோடு ஒட்டிக்கொண்டு அடியில் 808இன் கும்மென்ற ஓசை. கை கழுவினவன் தண்ணீரை நிறுத்த மறந்து நின்றேன். (1980இல் ரோலண்ட் விட்ட ஒரு தாளப் பெட்டி அது. பெரிதாக விற்பனையாகவில்லை, 1983இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்குக் கிடைத்ததை ஹிப் ஹொப் பெடியன்கள் பொறுக்கி எடுத்து உலகமெல்லாம் அடிக்க வைத்தார்கள்.) வீடியோ எடிட் செய்தவரைத் தேடிப்போய் "நானா, இந்த மியூசிக் எங்கே எடுத்தது?" என்று கேட்டேன். கமராவைப் பையில் வைத்தபடி, "நான்தான் தம்பி செஞ்ச. ரபான் எங்கட மாமாட" என்றார்.

மூன்று வருசம் நான் கடல் கடந்து தேடிய ஆள் கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். நாங்கள் படிக்கிற காலத்தில் பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறி அக்கரை போவோமே, நினைவிருக்கிறதா? 2009இல் பாலம் திறந்ததிலிருந்து சீனக்குடா தாண்டி மோட்டர் சைக்கிளை முறுக்கினால் போய்விடலாம்.

முதல் நாள் அவர் பீட் எதுவும் போட்டுக் காட்டவில்லை. "இரிங்க தம்பி. மியூசிக்க விடுங்க. சும்மா படிங்க பாப்பம்" என்றார். பிளேன்டீ ஆறுகிறவரைக்கும் படித்தேன். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கொழும்பில் பதிந்த பாட்டைப் போடச் சொன்னார். அது ட்ரில் என்கிற ராப் வகையின் பீட், நிமிடத்துக்கு 140 அடி. நான் பெருமையோடு கொடுத்தேன். இருபது விநாடியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்த வரி என்ன?"

"கடலோரம் காத்திருந்த காலம்."

"இல்ல. திரும்பக் கேளுங்க."

கேட்டேன். "கடலொரம் கத்திருந்த கலம்" என்றுதான் மச்சான் பாடியிருக்கிறேன்! வேகத்துக்கு ஈடுகொடுக்க நெடிலையெல்லாம் குறிலாக நறுக்கியிருக்கிறேன். காலம் கப்பலாகிவிட்டது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தமிழ் வாத்தியார் பிரம்போடு சொல்லித் தந்ததை நாற்பது தடவை எழுதினவர்கள் நாம். ராப் எழுதும்போது அது எங்கே போனதோ. ஆங்கிலத்து வேகத்துக்கு அமைந்த தாளத்தில் தமிழைத் திணித்தால் முதலில் சாவது நெடில்தான். நானா மேசையில் தட்டின வேகத்தைக் கணக்குப் பார்த்தோம். 92. நான் இயல்பாகப் படிக்கிற வேகம் அதுதானாம். "பீட்டுக்கு உங்கள வெட்ட வேணாம். ஒங்கட குரலுக்கு பீட்ட தைப்பம்" என்றார். மூன்று வருசமாக அடுத்தவன் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளி இரவும் அங்கேதான். பகலில் பஸ் ஹோர்ன், வீதியில் மீன்காரர், அந்தியில் தொழுகை நேரம். ஆகவே பதினொரு மணிக்குப் பிறகுதான் பதிவு. ஜன்னலுக்கு மெத்தை, கதவுக்கு இரண்டு போர்வை, ஃபேன் நிறுத்தம். வேர்வை கண்ணுக்குள் வடிய நின்று பாடுகிறேன். ஒருமுறை அருமையாகப் பாடி முடித்தேன், கேட்டால் கடைசி வரியில் ஒரு பல்லி. அதை எடுத்துவிடச் சொன்னேன். நானா எடுக்கவில்லை, தாளத்தில் விழுந்திருக்கிறதாம். மிக்ஸ் செய்தால் தன் மச்சினனின் திரீவீலில் போட்டுக் கேட்கிறார். பெரிய ஸ்பீக்கரில் உறுமுகிற அடிச்சத்தம் போனிலும் திரீவீலிலும் காணாமல் போய்விடுகிறது என்று அதைக் கொஞ்சம் கரகரப்பாக்கி விடுகிறார். சின்ன ஸ்பீக்கரால் ஆழத்தைத் தர முடியாது, கரகரப்பைத் தர முடியும். காது மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது.

பதினாறு வரியில் ஆறை வெட்டினார். இரண்டு கிழமை நான் போகவில்லை. பிறகு போனேன்.

நீ சொல்லும் பெடியனைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது, நல்ல திறமைசாலியாக இருக்கலாம். உங்கள் பக்கத்து ராப்பர் ஷான் வின்சன்ட் டி போல் என்பவரும் மிருதங்கக்காரர் யாஞ்சனும் மிருதங்கத்தோடு ராப்பைக் கட்டிச் செய்ததைக் கேட்டு நான் வாயடைத்திருக்கிறேன். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு புரிதல் இருப்பது கேட்கிறபோதே தெரிகிறது. தூரம் தடை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க ராப் சோடி கேங் ஸ்டாரில், பாடுகிற குரு கிழக்குக் கரையில் இருக்க, பீட் செய்கிற டிஜே பிரிமியர் டெக்சாஸிலிருந்து கசெட்டில் பீட் அனுப்பித்தான் அந்தச் சோடி தொடங்கியது. ஐந்நூறு டொலர் கட்டினால் எனக்கு ஒரு பீட் வரும். வெட்டின ஆறு வரி வராது.

காசுக் கதையும் பேசிவிட்டோம். பேசத் தொடங்கினது நான்தான், சூடு கண்ட பூனையல்லவா. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதி இசையமைத்த பாட்டு ஒன்று, பதிந்த ஒலி இன்னொன்று. ஹிப் ஹொப்பில் பீட் செய்தவரும் இசையமைத்தவர்தான், ஆகவே பாட்டில் பாதி அவருக்கு என்பது பொதுவழக்கம். வரிகள் எல்லாம் என்னுடையவை, பாதி எதற்கு என்று எனக்கும் ஒருகணம் தோன்றியது, மறைக்கவில்லை. காலம் கலமானது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். கொப்பித்தாள் ஒன்றில் யாருக்கு எவ்வளவு, பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். "கலியாணப் பதிவு மாதிரி இரிக்கி" என்று நானா சிரித்தார்.

அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு பெயரும் வரவேண்டியிருக்கிறது. அதற்குத்தான் மச்சான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆவணியில் ஒரு விடியற்காலை சல்லிக் கரையில் உன் அப்பா கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். நான் நானாவின் பதிவுக் கருவியோடு சும்மாதான் போனேன், கடல் சத்தம் எடுக்க. அப்பா அம்பா, அதுதான் வலை இழுக்கிற பாட்டு, பாடத் தொடங்கினார். அவர் ஓரடி எடுக்க, இருபது பேர் "ஏலேலோ" என்று திருப்பிக்கொடுக்க, கயிறு ஒரு முழம் வருகிறது. வலையின் மடி கரைக்குக் கிட்டவர வரப் பாட்டும் வேகமாகிறது. கடைசியில் பாட்டில்லை, மூச்சு மட்டும்தான். மீன் அன்றைக்குப் பெரிதாக இல்லை. அரைப் பெட்டி கீரிமீன்.

வீட்டில் கேட்டபோது நானா எழுந்து நின்றுவிட்டார். கணினியில் அதைத் தாளக் கட்டத்துக்குள் நேர்ப்படுத்திப் பார்த்தார். செத்துப்போய்விட்டது, மெஷின் பாடுகிற மாதிரி. கயிறு இழுக்கிறவனின் தாளம் அலையைப் பார்த்து ஓடுகிறது, கட்டத்தைப் பார்த்து அல்ல. ஆகவே குரலை அப்படியே விட்டு, ஒவ்வொரு டிரம் அடியாகக் கையால் நகர்த்தி அப்பாவின் இழுப்புக்கு ஏற்றபடி வைத்தார். இரண்டு இரவு. பாட்டு இப்போது அந்தக் குரலோடுதான் தொடங்குகிறது. அதற்கு மேல் நான் வருகிறேன், எல்லா நெடிலோடும்.

அம்பா எவருக்கும் தனிச்சொத்தில்லை. ஆனால் அந்தக் குரல் அப்பாவுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாடுகிறவருக்கும் உரிமை இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்காமல் போடுவேனா? நூற்றுக்குப் பத்து அவர் பெயரில் எழுதுவோம் என்று நானாவே சொன்னார். போன ஞாயிறு ஒரு சீப்பு கதலிப்பழம் வாங்கிக்கொண்டு போய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இயர்போனைக் காதில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "என்ட சத்தத்துக்கு ஏன்டா இடி இடிக்கிறாய்?" என்றார். பிறகு இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை அவரே பட்டனைத் தேடினார். கையெழுத்துக் கேட்டபோது மட்டும் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். "பெரியவன்ட்ட கேள். அவன் ஓமெண்டா எனக்கும் ஓம்."

ஆக மச்சான், உன் வாயிலிருந்துதான் வரவேண்டும். பாட்டை இத்தோடு தனியாக அனுப்புகிறேன். வரிகளில் எது பிடிக்காவிட்டாலும் ஒளிக்காமல் எழுது. வெள்ளிக்குள் ஓம் அல்லது இல்லை என்று ஒரு வரி போட்டால் போதும், நானா மிக்ஸை முடிக்காமல் வைத்திருக்கிறார்.

ஒன்றரை மடங்கில் ஓடவிடாதே. மறுபடியும் கப்பலாகிவிடும்.

அன்புடன்,
பின்வாங்கு மச்சான்