காலரைக் கழற்று, கண்ணு

அன்புள்ள கண்ணு,

போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் கவிதாவும் படிப்பாள், நீ மழுப்ப முடியாது.

நேற்று வீடியோ காலில் பார்த்தேன், கார் விபத்தில் அடிபட்ட கழுத்துக்குப் போட்ட காலரோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறாய். எலும்பு முறியவில்லை, இடம் நகரவுமில்லை என்று சி.டி. ஸ்கேன் பார்த்து டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். காலரையும் வலி அதிகமாக இருக்கும் முதல் சில நாளைக்கு என்றுதான் கொடுத்தார். நீ அதைத் தாயத்து மாதிரி கழற்றாமல் வைத்திருக்கிறாய். ராத்திரி தூங்கும்போதுகூடப் போட்டுக்கொள்கிறாயாமே, கவிதா சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன்.

எலும்பு வார்டில் காலம் தள்ளியவள் சொல்கிறேன், கேள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கழுத்தில் அடி என்றாலே வாரக்கணக்கில் காலர், படுக்கை ஓய்வு. பிறகு அது மாறியது. 1995இல் கனடாவின் கியூபெக்கில் ஒரு நிபுணர் குழு, பின்னாலிருந்து வண்டி மோதிக் கழுத்தில் அடிபடுவதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்தது. நீண்ட ஓய்வும் காலரும் குணமாவதைத் தள்ளிப்போடும், எலும்பில் கோளாறு இல்லாதவர்கள் சீக்கிரமே கழுத்தை அசைத்து வழக்கமான வேலைக்குத் திரும்புவதுதான் நல்லது என்றார்கள். அசையாத தசை இறுகும், பலம் இழக்கும். அப்புறம் கொஞ்சம் திரும்பினாலே சுள்ளென்று பிடிக்கும், பயந்து இன்னும் அசைக்காமல் இருப்பாய். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கார் பம்பர்தானே நசுங்கியது, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலி? எக்ஸ்ரேவும் நார்மல்தானே" என்று கேட்டாய். புத்தூர் தாண்டி வேகத்தடையில் நீ மெதுவாக்கினாய், பின்னால் வந்த டிப்பர் இடித்தது. சீட் உன் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளியது. தலையைத் தள்ள எதுவும் இல்லை, அது இருந்த இடத்திலேயே நின்றது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை பின்னால் மடங்கி, உடனே முன்னால் வீசப்பட்டது. அந்த ஒரு நொடிக்குள் கழுத்தின் ஏழு எலும்புகளுக்கும் இடையிலுள்ள நார்களும் தசைகளும் இழுபட்டுவிட்டன. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசையும் நாரும் தெரியாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தாயே, அதுவும் வழக்கமானதுதான். வீக்கமும் இறுக்கமும் ஏற நேரம் எடுக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும். பயப்படாதே.

செய்ய வேண்டியது இதுதான். நிமிர்ந்து உட்கார். மோவாயைக் கீழே குனியாமல் நேராகப் பின்னால் இழு, இரட்டைத் தாடை விழுகிற மாதிரி. ஐந்து எண்ணு, விடு. அப்புறம் வலது பக்கம் மெதுவாகத் திரும்பு, இழுக்கும் இடம்வரை மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு மேல் போகாதே. இடது பக்கமும் அப்படியே. தோளைக் காதுவரை தூக்கி விடு. இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கு. ஒவ்வொன்றும் ஐந்தாறு தடவை போதும், ஆனால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை செய்ய வேண்டும். காலையில் ஒரேயடியாக அரை மணி செய்துவிட்டு நாள் பூராவும் லேப்டாப்புக்கு முன்னால் குனிந்தால் பிரயோஜனம் இல்லை. லேப்டாப்புக்குக் கீழே தடிமனான புத்தகம் வைத்து ஸ்கிரீனைக் கண் உயரத்துக்குக் கொண்டுவா. தனியாக ஒரு கீபோர்டு வாங்கு, பெரிய செலவில்லை.

இடுப்பு வலிக்கிறது என்றும் படுத்தே கிடக்காதே, நட. வீட்டைச் சுற்றி நடந்தாலும் சரி. படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையூன்றி எழுந்திரு. குப்புறப் படுக்காதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம். மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, வெறும் வயிற்றில் வேண்டாம். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டி மெடிக்கல் ஷாப்பில் நீயே வாங்கித் தொடராதே, உன் வயிறு ஏற்கெனவே தாங்காது.

மாமா வந்துபோனார். உன்னை வரவழைத்துப் புத்தூர் கட்டுப் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி என்று அந்தக் கட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய கை எலும்பு அதில்தான் கூடியது. பக்கத்து ஊரிலேயே இருக்கும் நமக்கு இல்லாத பெருமையா? (மெட்ராஸில் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்தக் கதை வேறு.) ஆனால் கையும் கழுத்தும் ஒன்றில்லை. கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. இப்போது உனக்குத் தேவை அசைவு, கட்டு இல்லை. இதை மாமாவிடம் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறார். உனக்குப் போன் செய்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள், சரி என்று மட்டும் சொல்லாதே.

சலூனில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பார்களே, அதன் பக்கமே போகாதே. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. திருகலில் அவற்றின் உள்சுவர் கிழிந்து ரத்தம் கட்டினால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். கை மரத்துப்போகிறது என்று கவிதாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. எந்த விரல்? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமா, நடுவிரலா, சுண்டுவிரலா? எந்த நரம்பு நசுங்குகிறது என்பதை விரலே காட்டிக்கொடுக்கும். கட்டைவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் கழுத்திலிருந்து வரும் ஆறாவது நரம்பு, நடுவிரல் ஏழாவது, சுண்டுவிரல் எட்டாவது. டாக்டரிடம் "கை மரக்குது" என்று மொட்டையாகச் சொல்லாமல் விரலைக் காட்டிச் சொல். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு, எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டும் நரம்பும் அதில்தான் தெளிவாகத் தெரியும். அவர் பார்த்துச் சொல்லும்வரை மேலே எழுதிய பயிற்சியில் எதைச் செய்தால் கைக்கு மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறதோ அதை நிறுத்திவை. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ காலைவரை காத்திருக்காதே. எந்த நேரமானாலும் எமர்ஜென்சிக்குப் போ. எங்களுக்குச் சொல்வது அப்புறம்.

காரில் ஹெட்ரெஸ்டைக் கீழே அமுக்கியே வைத்திருக்கிறாய் என்று நைனா சொன்னார். அது தலை சாய்த்துத் தூங்குவதற்கு வைத்தது இல்லை, இந்த மாதிரி இடியில் தலை பின்னால் போகாமல் தடுக்க வைத்தது. கம்பி அடியில் சின்னப் பொத்தான் இருக்கும், அமுக்கிக்கொண்டு தூக்கு. மேல் விளிம்பு உன் உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும், தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்கட்டும். கவிதா சீட்டுக்கும் அப்படியே செய்.

ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன், பில் எதையும் தூக்கிப் போடாதே. கழுத்து வலி கண்ணுக்குத் தெரியாது, முதல் நாளிலிருந்து எழுதிவைத்த காகிதம்தான் பேசும். விபத்து ஆந்திராவில் நடந்தாலும் நஷ்டஈட்டு மனுவை நீ குடியிருக்கும் கோயம்புத்தூரிலேயே போடலாம். 2019 சட்டத் திருத்தத்தில் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள், அதனால் இழுத்தடிக்காதே. எஃப்.ஐ.ஆர். தெலுங்கில் இருக்கிறது, நைனா உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புவார்.

வருகிற வாரம் ஊருக்கு வருவதாகச் சொன்னாயே, வேண்டாம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வர வேண்டிய அவசியம் இல்லை. நாங்கள் வருகிறோம். அதற்குள் எந்த விரல் என்று எழுதி அனுப்பு.

அம்மா
நகரி