நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜனவரியில் சென்னை மாரத்தான் நெருங்கும்போது நாளிதழ்களில் ஓட்டக்காரர்களுக்கான குறிப்புகள் வருவது வழக்கம். அவற்றில் தவறாமல் இருக்கும் ஒரு வரி: "நிறையத் தண்ணீர் குடியுங்கள்." முதல்முறையாக 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருப்பவர் இதை அப்படியே கடைப்பிடித்தால் மருத்துவக் கூடாரத்தில் போய் முடியக்கூடும். அந்த வரியை இனி திருத்தி வெளியிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடிக்கும் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் இதில் அதிகம் மாட்டியிருந்தார்கள். மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு, நேரம் அதிகம். வழியில் உள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்க அவருக்கு வாய்ப்பும் அதிகம். ஆக, பத்திரிகைக் குறிப்பை நம்பி ஓட வரும் புதியவர்களே ஆபத்துக்கு மிக அருகில் இருக்கிறார்கள்.

எவ்வளவு குடிக்கலாம் என்பதை வீட்டு எடைக் கருவியை வைத்தே கணக்கிடலாம். போட்டி நாளில் ஓடப்போகும் அதே வேகத்தில், அதே அதிகாலை வேளையில், சரியாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஓடுமுன்னும், ஓடி முடித்து உடம்பைத் துடைத்த பின்னும், ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். 60.4 கிலோ 59.6 ஆகிறது, இடையில் 300 மில்லி குடித்தீர்கள் என்றால், வியர்வை மணிக்கு 1.1 லிட்டர். இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 2.75 லிட்டர் போகும். அத்தனையையும் ஈடுகட்டத் தேவையில்லை. எடையில் 2 சதவீதம், அதாவது 1.2 கிலோ குறைவதை உடல் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். மீதி ஒன்றரை லிட்டரை மட்டும் வழியில் குடித்தால் போதும். இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு மேசை வீதம் எட்டு மேசைகள் என்றால், மேசைக்கு 200 மில்லி. அதே எடையுள்ள இன்னொருவருக்கு மணிக்கு 600 மில்லிதான் வியர்க்கிறது என்று வையுங்கள். அந்த எட்டு டம்ளரையும் குடித்தால் அவர் கிளம்பியபோது இருந்ததைவிடக் கனமாகத்தான் எல்லைக்கோட்டைத் தொடுவார். சோதித்துப் பார்க்காதவர் தாகம் எடுக்கும்போது மட்டும் குடிப்பதே நல்லது.

உப்பில் நடக்கும் தவறுகளும் குறைவல்ல. நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்ஸுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் கொண்டது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கரைத்துக் குடித்தால் கரைசல் இரு மடங்கு அடர்த்தியாகி வயிறு புரட்டும். பழரசம் போல அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. அளவுப்படி தயாரிக்காத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதை உங்கள் வாசகர்களுக்கு மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம், வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர் இந்த விஷயத்தில் இளநீரை விட மேல். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: உப்புச் சேர்த்தாலும் அளவுக்கு மீறிக் குடித்த நீரின் கெடுதல் முழுதும் நீங்காது.

அடுத்தது வேகம். ஜனவரி விடியலில் சென்னையில் வெப்பநிலை 21, 22 டிகிரிதான். குளிராக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, ஏனென்றால் அந்நேரம் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். உடலைக் குளிர்விப்பது காய்ந்து ஆவியாகும் வியர்வை மட்டுமே. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. ஆறரை மணியளவில் சூரியன் எழும், எட்டு மணிக்குள் கடற்கரைச் சாலைத் தாரில் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். முதல் மூன்று கிலோமீட்டரில் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்தவர்கள் பதினைந்தாவது கிலோமீட்டரில் நடப்பதைப் பார்க்கிறோம். அவர்களுடைய கால் வலுவிழந்ததைவிட உடல் சூடேறியதே பெரும்பாலும் காரணம். இரண்டரை மணி நேரத்தில் 21.1 கிலோமீட்டரை முடிக்க சராசரியாகக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி வேண்டும். முதல் மூன்றைக் கிலோமீட்டருக்கு 7:20 வீதம் ஓடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து இழப்பது 40 விநாடிக்குச் சற்றுக் குறைவு. பிறகு 7:05க்கு வந்து நிலையாகப் பிடித்துக்கொண்டால் பதினெட்டாவது கிலோமீட்டருக்குள் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். முழு வாக்கியம் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால், கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் வேகம் அதிகம்தான்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிக்குப் பிறகு "21.4 கிலோமீட்டர் ஓட விட்டுவிட்டார்கள்" என்று குறை சொல்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சான்று பெற்ற ஓட்டப் பாதையைச் சக்கரம் சுற்றுவதை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். நாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டும் தண்ணீர் மேசைக்கு ஒதுங்கியும் ஓடுவதால் தூரம் நீள்கிறது, ஜிபிஎஸ் பிழையும் அதோடு சேர்கிறது. ஆகவே நேரத்தைச் சாலையோரக் கிலோமீட்டர் பலகையில்தான் ஒப்பிட வேண்டும்.

பயிற்சிக் குறிப்புகள் போட்டி வாரத்தில் வருவதால் பயனில்லை. அக்டோபரிலேயே வர வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பயிற்சியின் முக்கியமான பகுதி வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட ஓட்டம் (லாங் ரன்) 10 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கூடி 18ஐத் தொட வேண்டும். நான்காவது வாரம்தோறும் கொஞ்சம் குறைக்க வேண்டும். மழையால் இரண்டு ஞாயிறு தவறினால் விட்ட இடத்துக்கு அடுத்த படியில் ஏறாமல், கடைசியாக ஓடியதைவிட ஒரு படி கீழே தொடங்குங்கள். விட்டதை ஒரே வாரத்தில் பிடிக்க முயன்று காலின் முன்னெலும்பு வலியோடு டிசம்பரை முழுக்க இழந்தவர்கள் நிறையப் பேர். தண்ணீர் தேங்கிய தெருவில் பள்ளமும் மின்கசிவும் கண்ணுக்குத் தெரியாது, அன்று மேம்பாலத்தையோ வீட்டு மாடிப்படியையோ நம்பலாம். நீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கத்தில் ஓடினால் முழங்காலின் வெளிப்புறம் வலிக்கும். போக்குவரத்து இல்லாத நேரத்தில் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பருத்தி பனியனும் பருத்தி காலுறையும் வேண்டாம். தொடை, அக்குளில் வாசலின் தடவலாம். புது ஷூவைப் போட்டி நாளில் பிரிக்காதீர்கள். முந்தைய இரவு தயிர் சாதம் போன்ற பழகிய, நார் குறைந்த உணவு போதும். வலி வந்துவிடுமோ என்று முன்கூட்டியே டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் விழுங்கும் பழக்கம் பரவியிருப்பது எங்களுக்குப் பெருங்கவலை. நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கடைசியாக, நகரில் ஓட்டம் நடத்தும் அனைவரும் படிக்க வேண்டியது. பிதற்றுபவரை, தள்ளாடுபவரைக் கண்டதும் தண்ணீர் கொடுப்பதும் சலைன் ஏற்றுவதும் இங்கே வழக்கம். வெப்பத் தாக்கிலும் சோடியக் குறைவிலும் ஒரேமாதிரிதான் குழம்புவார்கள். முதலாமவரின் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அவரைப் பனிக்கட்டி நீர்த் தொட்டியில் கழுத்தளவு இறக்கி அரை மணிக்குள் 39க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். இரண்டாமவருக்குத் தண்ணீரும் சாதாரண சலைனும் நிலைமையை மோசமாக்கலாம். வியர்த்த அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் பொய் சொல்லும். எனவே ஆசனவாய் வழி அளக்கும் தெர்மாமீட்டரும், சோடியம் பார்க்கும் கையடக்கக் கருவியும், ஒரு தொட்டியும், போதிய பனிக்கட்டியும் எல்லைக்கோட்டருகே இருக்கின்றனவா என்று பதிவுக் கட்டணம் கட்டுமுன் கேளுங்கள். அதோடு, கடைசியாக வருபவருக்கும் மேசையில் தண்ணீர் மிச்சமிருக்குமா என்றும் கேளுங்கள். அளந்து குடிக்க வேண்டியவருக்கு அதுகூட இல்லாமல் போவது பல ஓட்டங்களில் நடக்கிறது.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சிலர்,
அடையாறு, சென்னை