காமாலை கண்ட பூனைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தெருவாசிகளுக்கும் சிகிச்சைக்குத் துணை நின்றவர்களுக்கும்,

வணக்கம். இந்த மழைக்காலம் முழுக்கக் காமாலைப் பூனைகளோடு அலைந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் பூனைப் பராமரிப்புக் குழுவின் மனமார்ந்த நன்றி. நீங்கள் செய்த ஒவ்வொன்றும் ஏன் உயிர்காத்தது என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி சோற்றுக் கிண்ணத்தைக் கவனித்த அக்காக்களுக்கு. "நேத்து வச்சது அப்படியே கிடக்குது" என்று உடனே சொன்னீர்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். கல்லீரல் உப்பி, பித்தம் வடிய வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும். அதுதான் மஞ்சளாகத் தெரிகிறது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே கண்ணுக்கு எட்டும் என்பதால், மஞ்சளைவிடக் காலியாகாத கிண்ணம்தான் முந்திய அறிகுறி.

பூனையை வாசலுக்குத் தூக்கிவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு நன்றி. மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே மஞ்சள்தான். காது மடலின் உட்புறம், விழி வெண்மை, ஈறு என வரிசையாகப் பார்த்தீர்கள்; ஈறே கருத்திருந்த கருப்புப் பூனைக்கு மேலண்ணத்தைப் பார்த்தீர்கள். ஈறு வெளுத்தும் இருக்கிறது என்று ஒருவர் சேர்த்துச் சொன்னது பெரிய உதவி. வெளுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைகின்றனவோ என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ரத்த ஒட்டுண்ணி ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வகத் தம்பிகளே, ஊசி முனை அளவு ரத்தத்தை நுண்குழாயில் சுழற்றி, அடியில் சிவப்பு குறைந்திருப்பதையும் மேலே தெளிந்த நீர் எலுமிச்சை நிறத்தில் நிற்பதையும் சில நிமிடங்களில் காட்டினீர்கள். பூனை ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 24 முதல் 45 சதவீதம் வரை இருக்க வேண்டும்; 15க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

கீழாநெல்லியை அரைத்து வைத்துவிட்டு, புகட்டும் முன் எங்களைக் கேட்ட பாட்டிக்குத் தனி நன்றி. வாயில் ஊற்றும் சாறு நுரையீரலுக்குள் போய்விடலாம். மனிதருக்கு வைக்கும் பத்தியமும் இங்கே ஆகாது. இந்தக் காமாலைக்குப் புரதம் நிறைந்த சாப்பாடுதான் மருந்து. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதிருந்ததற்கும் நன்றி. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும்.

டாக்டர் அம்மா, கல்லீரல் கெட்டால் ரத்தம் சரியாக உறையாமல் போகலாம் என்று முதலில் வைட்டமின் கே ஊசி போட்டு, அதன் பிறகே கழுத்து வழியாக உணவு ஊட்டும் குழாய் வைத்தீர்கள். அந்த நிதானத்துக்கு நன்றி.

குழாயில் ஊட்டியவர்களுக்கு என்ன சொன்னாலும் போதாது. 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி. முதல் நாள் அதில் கால் பங்கு, பிறகு நாலைந்து நாளில் முழு அளவு. பாவமாக இருக்கிறதென்று முதல் நாளே நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து, சிவப்பணுக்கள் உடையும், உடம்பு துவளும். வெதுவெதுப்பான கூழை 20 மில்லியாக, கால் மணி நேரம் எடுத்து மெல்ல ஏற்றினீர்கள். உதட்டை நக்கி எச்சில் வடித்தால் குமட்டல் என்று அறிந்து நிறுத்தினீர்கள். கடைசியில் 10 மில்லி தண்ணீர் விட ஒரு வேளையும் மறக்கவில்லை. மறந்தால் கூழ் காய்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

நடுராத்திரியிலும் மீட்டர் பார்க்காமல் வந்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

இன்னும் இரண்டு பூனைகளுக்குக் குழாய் கழற்றவில்லை. தானாகச் சாப்பிட்டு எடை குறையாமல் ஒரு வாரம் தாண்டினால்தான் எடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு ஊட்டும் முறைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

அன்புடன்,
பூனைப் பராமரிப்புக் குழுவினர்