ஆண்டறிக்கை 2024–25: "சிறப்பு நிகழ்ச்சி எதுவும் இல்லை"

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, குன்னூரின் நாலா மேடுகளிலிருந்தும் படியேறி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான காலத்துக்கு, நமது நடைப்பயிற்சி மற்றும் பொழுதுபோக்குச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பேரவையின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 38 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, ஐவர் புதிதாகச் சேர்ந்ததாலும் இருவர் பிள்ளைகளோடு கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்ததாலும் இப்போது 41 ஆக உள்ளது. உறுப்பினர்களுடன் வரும் நாய்கள் 17. அவற்றுக்குப் பதிவேட்டில் தனிப் பத்தி கிடையாது. பதினான்கு ஆண்டுகள் நம் வாசற்படியில் படுத்திருந்த கறுப்பன் ஆவணியில் இறந்தபோது, நாய்க்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்ற விதிகளில் இடமில்லை என்று பொருளாளர் சுட்டிக்காட்டினார். ஆகவே தீர்மானம் ஏதும் இல்லாமல் இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். பொருளாளரும் நின்றார்.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை நம்மை அறைக்குள் அடைத்து வைத்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்ததால் மலை ரயில் சில நாட்கள் ஓடவில்லை. அதன் ஊதலைக் கேட்டே எழுந்து புறப்படும் வழக்கமுள்ள உறுப்பினர்கள் அந்நாட்களில் நேரம் தவறி வந்தனர்.

மார்கழியில் நடத்தத் திட்டமிட்ட நாய்க் கண்காட்சியைப் பற்றி விளக்கமளிக்கும் கடமை எனக்கு உண்டு. துண்டறிக்கை அடித்தோம், மூன்று கோப்பைகள் வாங்கினோம், ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுத்தோம். குறித்த நாளன்று காலை மைதானத்தின் நுழைவாயிலில் இரண்டு காட்டெருமைகள் வந்து நின்றவை, பதினொன்றரை மணி வரை அவ்விடத்தை விட்டு நகரவில்லை. பதிவு செய்திருந்த 14 நாய்களில் ஒன்பது திரும்பிப் போய்விட்டன; எஞ்சிய ஐந்தில் மூன்று ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்பதால், பரிசளித்தால் வீண் மனக்கசப்பு வரும் என்று கருதிக் கண்காட்சியைக் கைவிட்டோம். கோப்பைகள் அலமாரியில் உள்ளன. முன்பணம் திரும்பி வரவில்லை. இத்திட்டத்தை முன்மொழிந்தவன் நானே என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த அறிக்கையை எழுதுவதற்காக மார்ச் கடைசியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் ஒரு விவரம் என் கண்ணில் பட்டது. பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் "நிகழ்ச்சி" என்றொரு பத்தி இருப்பதை அறிவீர்கள். மாடித்தோட்டச் சொற்பொழிவுக்கு வந்தவர்கள் 12 பேர். மந்திரக் காட்சிக்கு, அதுவும் பேரக்குழந்தைகளையும் சேர்த்து, 16 பேர். ஆனால் தை, மாசி மாதங்களின் வியாழக்கிழமைகளில், "சிறப்பு நிகழ்ச்சி எதுவும் இல்லை" என்று நானே சற்றுக் குற்ற உணர்ச்சியோடு எழுதி வைத்த நாட்களில், 25 பேருக்குக் குறையாமல் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அன்று என்னதான் நடந்தது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக, அப்படிப்பட்ட நாட்களில் ஒன்றான ஜனவரி 23-ஆம் தேதியைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்று காலை ஏழரை மணிக்கு அறை வாசலில் இருந்த வெப்பமானி 7 டிகிரி காட்டியது. முந்தைய இரவு மேகமும் காற்றும் இல்லை. அத்தகைய இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது, குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் உள்ள வீட்டுப் புல் பச்சையாகவே இருக்க, கீழே ஓடையோரப் புல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்திருந்தது. நாய்கள் முதலில் அந்தப் புல்லில் ஓரடி வைத்து, காலைத் தூக்கி உதறி, நம் முகத்தைப் பார்த்தன. பிறகு புரண்டன.

சிறுத்தை நடமாட்டத்தைக் கருதி, ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் நாய்களுடன் வெளியே செல்லக் கூடாது என்பது நம் விதி. ஆண்டு முழுவதும் இதை மீறியவர் ஒருவரே, அவர் பெயரை நான் சொல்லாவிட்டாலும் அவருடைய நாய் சொல்லிவிடும். பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவின் வாயில் வரை நடந்து திரும்புவது வழக்கமான பாதை. 1874-இல் அமைந்த அப்பூங்காவுக்குள் நாம் நாய்களை அழைத்துச் செல்வதில்லை. வாயிலில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். எதிரே பாஸ்டர் நிறுவனம். 1907-இல் அது தொடங்கப்படும் வரை, வெறிநாய் கடித்த தென்னிந்தியர் சிகிச்சைக்காக இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது என்பதைப் புதிய உறுப்பினர்களுக்குச் சொல்லும் பொறுப்பு துணைத்தலைவருடையது. கயிற்றில் பிடித்த 17 நாய்களோடு அந்தச் சுவரோரம் நின்று அதைக் கேட்கும்போது, தடுப்பூசி முகாமுக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படுவதில்லை. (இவ்வாண்டு முகாமில் 17 நாய்களுக்கும் ஊசி போடப்பட்டது.)

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தருகே சாம்பல் வாலாட்டி ஒன்று கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது. இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் அப்பறவையும் வாலை ஆட்டுகிறது, அதைப் பார்த்த நம் நாய்களும் ஆட்டின. இரண்டுக்கும் காரணம் வேறு. பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் கணக்கெடுப்பில் நமது உறுப்பினர்கள் நால்வர் பங்கேற்றனர் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு அறையில் கணப்பு மூட்டப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற உறுப்பினர் குளிர்காலத் தூள் கொண்டுவந்திருந்தார். பனி மாதங்களில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது என்று அவர் விளக்கினார். ஆனால் அதே பனி ஓர் இரவு கூடுதலாக இறங்கினால் இலை கருகிவிடும் என்றும் சொன்னார். தேநீரும் வர்க்கியும் பரிமாறப்பட்டன. வர்க்கியை நாய்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையின் நேர் கீழேதான் அது கொடுக்கப்பட்டது.

பிறகு அவரவர் வேலை. தபால்தலை சேகரிப்பவர்கள் சன்னல் மேசையில் அமர்ந்தனர். இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரி 9 அன்று வெளியிட்ட நான்கு நாய் இனத் தபால்தலைகளில் ஒருவரிடம் மூன்று இருந்தன. ராஜபாளையம் மட்டும் இல்லை. மற்றொருவர் பழைய உறை ஒன்றிலிருந்து அதை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, பசை இளகியதும் இடுக்கியால் தாளைப் பிரித்து, செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தார்கள். நம் ஊர் ஈரத்தில் தபால்தலை காய இரண்டு நாளாகும். அவசரப்பட்டுக் கணப்பின் அருகில் வைத்தால் ஓரம் சுருண்டுவிடும். ஆகவே அதன் மேல் அகராதி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்று தபால்தலை வைத்திருந்த அந்த உறுப்பினர் தம் நாயும் ராஜபாளையம் என்றே சொல்லிவருகிறார். அசல் ராஜபாளையத்துக்கு மூக்கு இளஞ்சிவப்பு, அவருடையதற்குக் கறுப்பு என்பதை இதுவரை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பின்னல் குழுவினர் மணி என்ற கிழ நாய்க்கு ஸ்வெட்டர் முடித்திருந்தனர். முன்கால் துளைகள் நான்கு கண்ணி குறுகலாக அமைந்துவிட்டதால், போட்டதும் மணி சிலைபோல அசையாமல் நின்றது. மூன்று பேர் கூடி அவிழ்த்தனர். ஒருவர் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றினார். அடுத்த வியாழக்கிழமைக்கும் வேலை கிடைத்தது. மூன்றரை மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து சன்னலை மறைத்தது. விளக்கைப் போட்டோம். ஐந்து மணிக்குக் கலைந்தோம். அன்று பதிவேட்டில் 27 கையொப்பங்கள்.

நான் செயலாளராகப் பொறுப்பேற்ற ஆறு ஆண்டுகளாக, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே சங்கத்தின் வளர்ச்சி என்று எண்ணி வந்திருக்கிறேன். உறுப்பினர்களுக்கு வேண்டியிருந்தது, குளிரில் கால் வீசி நடந்து வந்தபின் சூடாக அமர்ந்து கையை ஏதாவதொரு வேலையில் வைத்துக்கொள்ள ஓர் இடம். அதை வாரத்தில் ஒரு நாள், தற்செயலாகத்தான் கொடுத்திருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கண்காட்சியால் ஏற்பட்ட இழப்பு அதில் மறைக்கப்படவில்லை. கணப்பின் புகைபோக்கித் தகரம் துருப்பிடித்துவிட்டது. அடுத்த மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். அறை வாடகையை உயர்த்தாத கட்டட உரிமையாளருக்கும், விறகைப் பிளந்து அடுக்கித் தரும் காவலருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

இறுதியாக, வரும் ஆண்டில் கார்த்திகை முதல் மாசி வரையிலான வியாழக்கிழமைகளில் சொற்பொழிவு, போட்டி, கண்காட்சி எதையும் வைப்பதில்லை என்றும், வாங்கிய மூன்று கோப்பைகளையும் தேயிலைத் தூள், சர்க்கரை, ஊசிகள் போட்டுவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் முன்மொழிந்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்